ஆறு தறியும் ஐம்பது அதிர்வும்

மலர்க் குழு நண்பர் ஒருவர் சென்ற மாதம் உணவுக்கூடத்தில் என்னை வழிமறித்து, "கவிதைகள் நிறைய வந்துவிட்டன. விஞ்ஞானம் படிக்கிற நீங்கள் ஒரு கட்டுரை கொடுத்தால் மலருக்குக் கொஞ்சம் கனம் கூடும்" என்றார். கனம் என்று அவர் சொன்னது தாளின் எடையையா, வேறு எதையுமா என்று நான் விசாரிக்கவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். எதைப் பற்றி எழுதுவது என்று யோசித்தபோதுதான், பல நாட்களாகப் பதில் சொல்லாமல் நான் ஒத்திப்போட்டு வந்த ஒரு கேள்வி நினைவுக்கு வந்தது. கேட்டவர் என் தகப்பனார்.

பல்லடத்துக்கு அருகில் ஒரு கிராமம் எங்களுடையது. சித்திரை மாதத்தில் ஓர் இரவு அப்பா தொலைபேசியில் கூப்பிட்டார். சாப்பிட்டாயா, டில்லியில் வெயில் எப்படி என்ற வழக்கமான விசாரணைகள் முடிந்தன. பிறகு சற்று நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார்:

"ஏங்கண்ணு, நம்ம வடக்கால தோட்டத்து அண்ணன் தறிய விக்கறாராமா. ஆறு தறி. பையன் தங்கூட வந்து இருக்கச் சொல்றானாம். குடோனையும் வாடகைக்கு விட்டர்றேங்கறாரு. எடுக்கலாமான்னு பாக்கறேன்."

"எடுங்கப்பா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே கேட்டார்:

"இனிக் கரண்டு போகாதல்ல? நீ அதத்தானே படிக்கற? ரோசன பண்ணிச் சொல்லு சாமி."

நான் படிப்பது அதை அல்ல. திண்மப் பொருள்களின் காந்த குணங்களைப் பற்றி ஏதோ படித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் பௌதிகம் படிக்கிற பிள்ளைக்குக் கரண்டைப் பற்றித் தெரியாது என்றால் எந்தத் தகப்பன்தான் நம்புவார்? ஒரு வாரத்தில் சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அப்பா ஏன் அப்படிக் கேட்டார் என்பதைச் சொல்ல 2012ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அப்போது எனக்கு வயது பத்து. வீட்டை ஒட்டினாற்போல் ஓடு வேய்ந்த குடோன். அதில் ஆறு தறிகள். கூலித் தறிதான். ஜவுளிக்காரரிடமிருந்து பாவும் ஊடை நூலும் வரும். நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. நாடா தறியின் சத்தத்தைக் கேட்டறியாதவர்களுக்கு அதை எழுத்தில் சொல்வது கடினம். ஆறு தறியும் ஓடினால் பக்கத்தில் நிற்பவரோடு பேச வாயசைவுதான் பாஷை. அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது தாலாட்டு. நின்றால்தான் விழிப்பு வரும். அந்த ஆண்டு நான் இரவெல்லாம் விழித்து விழித்துப் படுத்தேன்.

ஒரு மணி நேரம் மின்சாரம் இருக்கும். ஒரு மணி நேரம் இராது. காற்றாலைகள் சுழல்கிற ஆனி, ஆடி மாதங்களில் கொஞ்சம் பரவாயில்லை. ஐப்பசியில் காற்று ஓய்ந்ததும் நாளில் பாதிக்கு மேல் இருட்டுத்தான். சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு, மற்ற மாவட்டங்களுக்குப் பன்னிரண்டும் பதினாலும் என்று ஊரெல்லாம் பொருமிக்கொண்டிருந்த காலம் அது. மின்சாரம் திடீரென்று போனால் நாடா பாவுக்கு நடுவிலேயே நின்றுவிடும். சில சமயம் இழைகள் கொத்தாக அறுந்துபோகும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிணைத்து முடிப்பதற்குள், இடையில் வந்த மின்சாரம் மறுபடி போயிருக்கும். தறி நின்ற இடம் துணியில் கோடாகத் தெரியும். அதற்கு ஜவுளிக்காரர் கூலியில் பிடித்துக்கொள்வார். டீசல் ஜெனரேட்டர் வைத்து ஓட்டலாமே என்று கேட்பீர்கள். பெரிய மில்காரர்கள் அப்படித்தான் சமாளித்தார்கள். கூலித் தறிக்காரனுக்கு டீசல் செலவு வாங்குகிற கூலியையே விழுங்கிவிடும்.

அப்பா குடோன் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டார். தலைக்கு மேல் ஒரு குண்டு பல்பு. அதன் சுவிட்சை அணைப்பதே இல்லை. பல்பு எரிந்தால் எழுந்து தறியை ஓட்டுவார், அணைந்தால் படுப்பார். ஓர் இரவில் ஆறு முறை எழுவார். அம்மா மெழுகுவத்தி வெளிச்சத்தில் அறுந்த இழைகளைப் பிரித்துக்கொண்டிருப்பாள். நான் வீட்டுப் பாடத்தை எந்த மணிக்கு எழுதுவது என்று மின்வெட்டு அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். அட்டவணை சுவரில் இருந்தது. மின்சாரம் அதைப் பார்த்து வந்ததாகத் தெரியவில்லை.

2013ஆம் ஆண்டு பங்குனியில் தறிகளை விற்றோம். தறியென்று வாங்க ஆள் இல்லை. பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்து கழற்றி எடை போட்டார். அப்பா தராசுப் பக்கம் வரவே இல்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போய்விட்டார். எங்களிடம் அப்போது மாடு கிடையாது. அன்று முதல் இன்றுவரை அவர் பிறர் குடோனில் தறி ஓட்டுகிறார்.

அது நிற்க. எங்கள் தறிகள் அப்படித் திணறிய அதே 2012இல் இந்த வடக்கே என்ன நடந்தது என்பதை நான் இங்கே வந்த பிறகுதான் முழுமையாக அறிந்தேன். ஜூலை 30ஆம் தேதி அதிகாலை இரண்டரை மணிக்கு வடக்கு மின்தொகுப்பு முழுவதும் விழுந்தது. ஒருவாறு எழுப்பி நிறுத்தினார்கள். மறுநாள் பகல் ஒரு மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று தொகுப்புகளும் சேர்ந்து விழுந்தன. அறுபது கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு மின்சாரம் இல்லை. டில்லி மெட்ரோ ரயில் நின்றது. வங்காளத்திலும் ஜார்க்கண்டிலும் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் தொழிலாளர்கள் சிக்கிக்கொண்டு, பிறகு மீட்கப்பட்டார்கள். பக்கத்துக் கம்பிகள் பல நிறுத்தி வைக்கப்பட்டிருந்த நேரத்தில், பீனாவிலிருந்து குவாலியருக்குப் போகும் 400 கிலோவோல்ட் கம்பி ஒன்று தன் சக்திக்கு மீறிய பளுவைச் சுமந்து பார்த்து, கடைசியில் கையை விட்டுவிட்டது. ஆராய்ந்த விசாரணைக் குழு இன்னொன்றையும் எழுதியது. சில மாநிலங்கள் தமக்கு ஒதுக்கப்பட்டதற்கு மேல் இழுத்துக்கொண்டே இருந்தன. குறைக்கச் சொன்னபோது போதிய அளவு குறைக்கவில்லை. நெருக்கடியில் பளுவைத் தாமாகவே வெட்டிவிட வேண்டிய கருவிகளும் தேவையான அளவுக்கு வேலை செய்யவில்லை.

தெற்குத் தொகுப்புக்கு அன்று ஒன்றும் நேரவில்லை. அது மற்றவற்றோடு ஒரே தாளத்தில் கட்டப்படாமல் தனியாகச் சுழன்றுகொண்டிருந்தது. தால்ச்சரிலிருந்து கோலாருக்கு வருகிற நேர்த்திசை மின்னோட்டக் கம்பி போன்ற சில குறுகிய வாசல்கள் வழியாகத்தான் வடக்கத்தி மின்சாரம் தெற்கே வர முடியும். வாசல் குறுகலாக இருந்ததால் வடக்கே விழுந்தவர்கள் நம்மையும் இழுத்துக்கொண்டு விழவில்லை. அதே வாசல் குறுகலாக இருந்ததால், வெளி மாநிலங்களில் விற்பதற்கு மின்சாரம் கிடைத்த நாட்களிலும் அது வேண்டிய அளவு எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. என் தகப்பனாரின் தறியைக் காப்பாற்றியதும் கவிழ்த்ததும் ஒரே வாசல் என்பது எனக்கு இந்த ஊர் நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது. வெகு நேரம் புத்தகத்தை மூடாமல் அப்படியே இருந்தேன்.

2013ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையே 765 கிலோவோல்ட் கம்பி ஒன்று இணைக்கப்பட்டது. அன்றிலிருந்து காஷ்மீரம் முதல் கன்னியாகுமரிவரை ஒரே தொகுப்பு, ஒரே அதிர்வு. எங்கள் தறிகள் பழைய இரும்பாகி அப்போது ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

ஒரே அதிர்வு என்றேனே, அதைச் சற்று விளக்க வேண்டும். கலைப்பிரிவு நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கணக்கு ஒன்றும் போடப் போவதில்லை. கல்லூரியில் பௌதிகம் படித்த எவரும் சுரமானிச் சோதனை ஒன்றைச் செய்யாமல் தப்ப முடியாது. பெட்டி மேல் கம்பியை இழுத்துக் கட்டி, வீட்டுக்கு வருகிற மாறுதிசை மின்னோட்டத்தால் அதை அதிரச் செய்து, மேலே ஒரு சிறு காகிதத் துண்டை ஏற்றி வைப்போம். கம்பியின் நீளத்தைச் சரிசெய்துகொண்டே வந்தால் ஓரிடத்தில் காகிதம் துள்ளிக் கீழே விழும். அந்த நீளத்திலிருந்து மின்சாரம் விநாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்று கணக்கிடலாம். விடை ஐம்பது என்பது மாணவர் எல்லாருக்கும் முன்பே தெரியும். கோவையில் நான் செய்தபோது எனக்கு நாற்பத்தெட்டு வந்தது. ஆசிரியர் என் குறிப்பேட்டைப் பார்த்து, "மெட்ராஸ் வரைக்கும் கரண்டு நிக்கப்போகுதுப்பா, மறுபடி அளந்து பாரு" என்றார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த வேடிக்கையில் உண்மை இருந்தது.

அவிநாசித் தேரைப் பார்த்திருக்கிறீர்களா? வடத்தைப் பிடித்து ஆயிரம் பேர் இழுப்பார்கள். அந்த ஆயிரம் பேர்தான் நாட்டின் மின்நிலையங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேரின் பாரம் நாம் போடுகிற விளக்கு, விசிறி, தறி, மோட்டார் எல்லாம். தேர் நகர்கிற வேகம்தான் அந்த ஐம்பது. பாரம் கூடி, இழுக்கிறவர்கள் அதே பலத்தோடு இழுத்தால் வேகம் குறையும். பாரம் சட்டென்று இறங்கினால் தேர் முன்னே பாயும். இரண்டும் ஆபத்து. மின்சாரத்தைப் பெரும்பாலும் சேர்த்து வைக்க முடியாதாகையால், ஒவ்வொரு விநாடியும் இழுப்பும் பாரமும் சமமாக இருந்தாக வேண்டும். நம் நாட்டு விதிப்படி அதிர்வு 49.90க்கும் 50.05க்கும் இடையே இருக்க வேண்டும். வெகுவாகக் குறைந்தால் சில ஊர்களின் இணைப்பைக் கருவிகள் தாமாகவே வெட்டிவிடும். தேர் குடை சாய்வதைக் காட்டிலும் சிலரை இறக்கிவிடுவது மேல் என்பது தத்துவம். யாரை இறக்குவது என்பதில்தான் வழக்கு. இறக்கப்பட்டவர்களில் ஒருவர் வீட்டில் பிறந்தவன் நான்.

தேருக்குக் கட்டை போடுகிறவர்களைப் போல இதற்கும் ஆட்கள் உண்டு. நம் சங்கத்து நண்பர்கள் பலர் அறை எடுத்துத் தங்கியிருக்கிற கட்வாரியா சராய்ப் பக்கந்தான் தேசிய மின்பளு மையம் இருக்கிறது. எத்தனையோ முறை அந்த வழியே தேநீர் குடிக்கப் போயிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று நினைத்ததில்லை. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் நாடெங்கும் விளக்கை அணைத்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். நான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை முடித்துவிட்டு வீட்டில் அடைந்து கிடந்தேன். நாங்கள் திண்ணையில் அகல் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த அந்தச் சில நிமிஷங்களில் நாட்டின் மின்தேவை ஏறத்தாழ 31,000 மெகாவாட் சரிந்தது. பின்பு திரும்ப ஏறியது. தேரிலிருந்து கால் பங்குப் பாரம் குதித்து இறங்கி, மறுபடி ஏறியதற்குச் சமானம். நீர்மின் நிலையங்களை முன்கூட்டியே முடுக்கி வைத்து, சரியான நேரத்தில் அடக்கி, பிறகு மறுபடி முடுக்கி, தேரைச் சாயவிடாமல் பிடித்தார்கள். அந்த வேலைக்குக் கைதட்டியவர்கள் மிகச் சிலரே.

இனி நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதினால் அது பாதி உண்மையாகிவிடும்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் டில்லியில் இருந்தவர்களுக்கு அந்த வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 19ஆம் தேதி அதிகாலையிலும் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. அன்று டில்லியின் மின்தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது. அதற்கு முன் இந்த நகரம் அவ்வளவு கேட்டதில்லை. விடுமுறையிலும் ஆய்வு வேலை என்று நாங்கள் நாலு பேர் விடுதியில் தங்கியிருந்தோம். மேல்மாடி அறை, சுவரைத் தொட்டால் தோசைக்கல். விதிப்படி அறைக்கு ஒரு விசிறி, ஒரு விளக்கு. நாங்கள் காசு சேர்த்து ஒரு பழைய கூலர் வாங்கினோம். அதோடு ரசம் வைப்பதற்கென்று மின்சார அடுப்பு ஒன்று முன்பே இருந்தது. மாடியில் எங்களைப் போல் இன்னும் மூன்று அறைகளில் கூலர். இரண்டு நாளில் மூன்று முறை ஃபியூஸ் போயிற்று. நாலாம் முறை எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விடுதியில் பௌதிக மாணவன் என்றால் ஃபியூஸ் போடுகிறவன் என்றுதானே பொருள்!

நானும் போட்டேன். மெல்லிய ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகக் கனத்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்தேன். அது எத்தனை பெரிய தவறு என்பது பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தூக்கம் வேண்டியிருந்தது. அன்றிரவு ஃபியூஸ் போகவில்லை. சுமார் ஒரு மணிக்குக் கீழே பலகைக்குப் பின்னாலிருந்த பெரிய கம்பிதான் புகைந்து கருகியது. ஒரு மாடிக்குப் பதிலாகக் கட்டடம் முழுவதும் இருண்டது. அன்றிரவும் மறுநாள் பகலும் மின்சாரம் இல்லை.

உணவுக்கூடத்தில் நமக்கு ரொட்டி சுட்டுப் போடுகிறாரே, அந்த பையா கீழே படிக்கட்டுக்கு அடியிலுள்ள அறையில் இருக்கிறார். அவர் அறைக்கும் அதே கம்பிதான் என்பது எனக்கு அதுவரை தெரியாது. நான் கைவிளக்கோடு இறங்கிப் போனபோது, ஊரிலிருந்து வந்திருந்த தம் சிறு பெண்ணுக்கு அட்டைத் துண்டால் விசிறிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மூன்றரை மணிக்கு எழுந்து அடுப்பை மூட்ட வேண்டியவர். "பிஜ்லி கப் ஆயேகி?" என்று என்னைக் கேட்டார். மின்சாரம் எப்போது வரும்? என் தகப்பனாரும் எத்தனையோ இரவு கட்டிலில் உட்கார்ந்து கேட்ட கேள்வி. தெரியாது என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். செம்புக் கம்பியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம் அதை இந்தியில் சொல்லத் தெரியவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரசத்துக்குப் புளி கேட்டு வாங்குகிற அளவு இந்தி எனக்குத் தெரியும்.

2012இல் ஒதுக்கியதற்கு மேல் இழுத்த மாநிலங்களைப் பற்றி நூலகத்தில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு அந்தச் செம்புக் கம்பி நினைவுக்கு வந்தது; கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

கணக்குக்கு வருவோம். சுதந்தரம் வந்தபோது நாடு முழுவதும் இருந்த மின்நிலையங்களின் திறன் 1,362 மெகாவாட். இன்று டில்லிக்கு மட்டும் கோடையில் அதைப்போல் ஆறு மடங்கு வேண்டியிருக்கிறது. 2012-13இல் நாட்டுக்கு உச்ச நேரத்தில் கொடுக்க முடிந்தது ஏறத்தாழ 1,23,000 மெகாவாட். கேட்டது அதற்கு மேல் இன்னும் 12,000. அந்தப் பன்னிரண்டாயிரத்துக்குள் எங்கள் ஆறு தறியும் அடக்கம். 2024ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி கேட்டது 2,50,000. அதை அநேகமாக முழுவதும் கொடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டில் இரண்டு மடங்கு! 2031-32இல் 3,66,000 வரை போகும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் மதிப்பீடு. குளிர்சாதனப் பெட்டிகள் பெருகுகின்றன. மின்சார வண்டிகள், தரவு மையங்கள் என்று புதிதாகப் பசிக்கிற வாய்கள் வேறு.

ஆகவே மின்சாரம் போதாது என்ற பழைய வியாதி பெரும்பாலும் தீர்ந்தது என்றே சொல்ல வேண்டும். இப்போதுள்ள வியாதி நேரத்தைப் பற்றியது. 2025 ஜனவரியில் நாட்டின் சூரிய மின்திறன் 1,00,000 மெகாவாட்டைத் தாண்டியது. பகலில் சூரியன் தாராளமாகக் கொடுக்கிறான். ராஜஸ்தானத்தில் அதைக் கொண்டுபோகக் கம்பி போதாமல், கிடைக்கிற மின்சாரத்தையே குறைத்துக்கொண்ட நாட்களும் அந்த ஆண்டில் உண்டு. மாலை ஆறு மணிக்குச் சூரியன் போய்விடுகிறான். டில்லியின் இரவு போவதில்லை. சுவர்கள் பகலில் குடித்த வெயிலை இரவில் கக்குகின்றன. எல்லா வீட்டிலும் குளிர்சாதனம் ஓடுகிறது. அப்போது கைகொடுப்பது நிலக்கரிதான். இன்றும் நாட்டில் உற்பத்தியாகிற மின்சாரத்தில் பெரும்பகுதி அதிலிருந்தே வருகிறது. 2022 ஏப்ரலில் வெயில் முந்திக்கொண்டு நிலக்கரி கையிருப்பு குறைந்தபோது, சரக்கு வண்டிகளுக்கு வழிவிடப் பயணிகள் ரயில்களை நூற்றுக்கணக்கில் ரத்துச் செய்தார்கள். 2024 கோடையில், விலை கட்டாது என்று சும்மா கிடந்த எரிவாயு மின்நிலையங்களைச் சட்டத்தின் பதினோராம் பிரிவைக் காட்டி ஓடச் சொன்னார்கள். இவையெல்லாம் அந்தந்தக் கோடைக்கான கைவைத்தியம்.

உண்மையான வைத்தியங்கள் சில உண்டு. ஒன்றை நான் சிறுவனாக நேரில் பார்த்திருக்கிறேன். பள்ளிச் சுற்றுலாவாக ஆழியாறு போய், அங்கிருந்து மலைமேல் காடம்பாறைக்குப் போனோம். 400 மெகாவாட் நிலையம். 1980களின் கடைசியில் முடிந்தது. மின்சாரம் மிஞ்சுகிற நேரத்தில் கீழ் அணையின் தண்ணீரை மேல் அணைக்கு இறைக்கிறார்கள். வேண்டிய நேரத்தில் அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். "இறைச்ச தண்ணியவே மறுபடி கீழ விடறதுக்கு எதுக்குங்க இறைக்கணும்?" என்று நான் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். இறைப்பதில் கொஞ்சம் நஷ்டம் உண்டு. இறைத்த மின்சாரம் நடுப்பகலுடையது, கிடைக்கிற மின்சாரம் மாலையுடையது என்பதில்தான் லாபம். இப்படிப்பட்ட நிலையங்களும், பெரிய மின்கலங்களும் இன்னும் பல வேண்டும் என்று இப்போது நாடெங்கும் திட்டம் போடுகிறார்கள்.

மற்றொரு வைத்தியம் விலை. 2023 ஜூனில் மத்திய அரசாங்கம் விதி ஒன்றைத் திருத்தியது. சூரியன் இருக்கிற எட்டு மணி நேரத்துக்குக் கட்டணம் பத்து முதல் இருபது சதவீதம் குறைவு. உச்ச நேரத்துக்கு அதே அளவு அதிகம். பெரிய வியாபாரத்துக்கும் தொழிலுக்கும் 2024 ஏப்ரலிலிருந்து, விவசாயம் தவிர மற்றவர்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து என்று நாள் குறித்தது. அதற்கேற்ற மீட்டர் வேண்டும். எந்த மாநிலத்தில் யாருக்கு எப்படி என்பதை அந்தந்த மாநில ஆணையம் தீர்மானிக்க வேண்டும். தத்துவம் நல்லதுதான், மணி பார்த்து வெட்டுவதைவிட மணி பார்த்து விலை வைப்பது நாகரிகம். ஆனால் உச்ச நேரத்தில் இருபது ரூபாய் கூடினாலும் குளிர்சாதனத்தை நிறுத்தாத வீடுகள் இந்த நகரத்தில் ஏராளம். கூலித் தறிக்காரன் நிறுத்துவான். பழைய நாளில் அட்டவணை அவனை இறக்கியது. இனி விலைச்சீட்டு இறக்குமோ என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. அட்டவணை முன்கூட்டித் தெரிந்தால் வேலையை மாற்றி வைத்துக்கொள்ளலாமே என்று என் அறைத்தோழர் வாதிக்கிறார். அவருடைய தகப்பனார் வங்கி உத்தியோகஸ்தர்.

நாலு வாரம் கழித்து அப்பாவைக் கூப்பிட்டேன். போகாது என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "2012 மாதிரிப் போகாதுங்கப்பா" என்று மட்டும் சொன்னேன். வடக்கிலிருந்து கம்பி வந்துவிட்டது என்றேன். பகலில் மின்சாரம் மிஞ்சும், சாயங்காலம் ஆறு மணியிலிருந்து இழுபறி. பகல் ஷிப்டாகவே ஓட்டுவது போல் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அதிர்வு, ஐம்பது, தேர் என்று இங்கே எழுதியதையெல்லாம் அவரிடமும் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். "அது எனக்குத் தெரியாதாக்கும்? சாயங்காலம் ஊரே மோட்டாரையும் கிரைண்டரையும் போட்டா தறி தெணறும். சத்தத்துலயே சொல்லிப்போடலாம். உங்கம்மாகூடச் சொல்லிப்போடுவா" என்றார்.

பிறகு அவருடைய கணக்கை அவர் சொன்னார். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் கட்டணமில்லை என்று 2023இல் ஆனது ஓர் ஆறுதல். ஆனால் 2025இல் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டு ஏறத்தாழ ஒரு மாதம் தறிகளை நிறுத்தினார்களே, அப்போது மின்சாரம் நாள் முழுவதும் இருந்தது, தறிதான் ஓடவில்லை. "கரண்டு ஒண்ணு மட்டுமா கண்ணு?" என்றார். நான் நாலு வாரமாகப் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்தக் கூலி விவகாரம் இல்லை.

"அப்ப எடுக்கறீங்களா, இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"நாலு எடுத்துக்கறேன். ஒருத்தன் பகல்ல நாலுதான் பாக்க முடியும். அண்ணங்கிட்டச் சொல்லியாச்சு."

"மீதி ரெண்டு?"

"அத எடைக்குப் போட்டர்றாராமா. வெள்ளிக்கெழம வண்டி வருதாம்."

வெள்ளிக்கிழமை அப்பா அங்கே இருப்பாரா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர், முன்பணத்துக்குச் சங்கத்தில் கடன் கேட்டிருப்பதாகவும், காலையில் போக வேண்டும் என்றும் சொல்லி வைத்துவிட்டார்.